கைக்கெட்டும் தூரம்



கொலை பெரும் பாவமென்பதை நாமெல்லாரும் சிறுவயதிலேயே ஞானோபதேச வகுப்பில் படித்திருக்கிறோம். ஆயினும் ஐந்தாம் கற்பனையைப்பற்றி அவ்வகுப்பில் அதிகமாய் எழாத கேள்வி ஒன்றுண்டு. எதிராளியின் முகத்தைப் பார்த்து, தானும் வெட்டுப்படக்கூடிய இடத்தில் நின்று வாளை ஓங்குகிறவன் ஒருவன். பல நூறு காதங்களுக்கு அப்பால், குளிர்ந்த அறையில் நாற்காலியில் அமர்ந்து பொத்தானை அமுக்குகிறவன் இன்னொருவன். இருவர் கையாலும் மனித உயிர் போகிறது. இவ்விருவரில் எவனுக்கு ஆபத்து அதிகம்? சரீரத்துக்கு வரும் ஆபத்தைக் கேட்கவில்லை. அது முந்தினவனுக்கே அதிகமென்று குழந்தையும் சொல்லும். ஆத்துமத்துக்கு வரும் ஆபத்தைக் கேட்கிறேன்.

இக்கேள்வியைக் கூர்மையாய் எழுப்பியிருப்பது வேதசாஸ்திர நூலன்று. வானமண்டலத்தைப்பற்றிய ஒரு கதைத் தொடர். கட்டுக்கதையில் நமக்கென்ன வேலை என்று முகஞ்சுளிக்க வேண்டாம். ஒரு உண்மையை நேராய்ச் சொன்னால் கேளாத செவி, கதையாய்ச் சொன்னால் கேட்பதுண்டு.

அமெரிக்க எழுத்தாளர் மேரியன் ஸிம்மர் பிராட்லி என்னும் மாது, 1958-ம் ஆண்டு தொடங்கிப் பல கதைகளில் டார்க்கோவர் என்றொரு கிரகத்தைக் கற்பித்து எழுதினார். செந்நிறச் சூரியனைச் சுற்றிவரும் குளிர்ந்த உலகம் அது. அதன் வானத்தில் நான்கு சந்திரன்கள். அதன் மண்ணில் உலோகம் வெகு சொற்பம். வேறொரு உலகத்தில் குடியேறப் பூமியிலிருந்து புறப்பட்ட கப்பலொன்று வழிதவறி அங்கே மலைகளின்மேல் விழுகிறது. 1972-ல் வெளியான நாவல் இவ்விபத்தைச் சொல்லுகிறது. திரும்பிப்போக வழியில்லை, பிழைத்தவர்கள் அங்கேயே குடியேறி, பிள்ளைகளைப் பெற்று, பெருகுகிறார்கள். தலைமுறைகள் கழிகின்றன. தாங்கள் பூமியின் மக்கள் என்பதை அவர்கள் மறந்துபோகிறார்கள். பூமியும் அவர்களை மறந்துபோகிறது.

நெடுங்காலத்துக்குப் பின், பூமியிலுள்ளவர்கள் பற்பல உலகங்களைத் தங்கள் ஆளுகைக்குள் கொண்டுவந்து பெரிய சாம்ராஜ்யம் ஆகிவிடுகின்றனர். அதற்கு டெர்ரா சாம்ராஜ்யமென்று பேர். லத்தீன் பாஷையில் பூமிக்குத் தெர்ரா என்று சொல்லுவது வழக்கமன்றோ? அந்தச் சாம்ராஜ்யத்தின் கப்பல்கள் டார்க்கோவரில் வந்திறங்கி, காணாமற்போன அந்தச் சந்ததியைக் கண்டுபிடிக்கின்றன.

தொலைந்த சகோதரனைக் கண்டடைந்தால் விருந்து வைப்பதே முறை. இங்கேயோ சந்தோஷத்துக்கு முன்னே சச்சரவு வந்துவிடுகிறது. வந்தவர்கள் பார்க்கிறார்கள்: இவர்களிடம் மின்சாரமில்லை, துப்பாக்கியில்லை, குதிரையில் போகிறார்கள், இடுப்பில் வாள் கட்டியிருக்கிறார்கள். "காட்டுமிராண்டிகள்" என்று தீர்ப்பாகிறது. இருந்தவர்களும் பார்க்கிறார்கள்: வந்தவர்களின் இடுப்பில் தூரத்திலிருந்து மனிதனைச் சுட்டெரிக்கும் கருவி தொங்குகிறது. "கோழைகள்" என்று அவர்களும் தீர்ப்பிடுகிறார்கள்.

ஏன் கோழைகள்? டார்க்கோவர் வாசிகளிடத்தில் ஓர் உடன்படிக்கை உண்டு. எந்த ஆயுதத்தை எடுத்தாலும், அது எடுத்தவனுடைய கையின் எட்டுக்கு அப்பால் போகக்கூடாது என்பதே அதன் சாரம். கொல்லத் துணிகிறவன் கொல்லப்படவும் துணியவேண்டும். வில்லும் அம்புங்கூட அந்தச் சட்டப்படி விலக்கப்பட்டவையே.

இந்தச் சட்டம் அறியாமையால் வந்ததென்று சாம்ராஜ்யத்தார் எண்ணுகிறார்கள். உண்மையோ நேர்மாறானது. முற்காலத்தில் அந்த உலகத்தாருக்கு மனதின் சக்தியால் இயங்கும் பயங்கர ஆயுதங்கள் இருந்தன. சரீரத்தில் ஒட்டிக்கொண்டு அணையாமல் எரியும் நெருப்பு ஒன்று. நிலத்தை நெடுங்காலத்துக்கு நஞ்சாக்கிவிடும் தூள் ஒன்று. ஒருவன் கோபுரத்துக்குள் உட்கார்ந்திருந்தபடியே அயல்நாட்டானின் ஊரை அழிக்கலாம். அழித்தார்கள். அந்த அழிவைக் கண்ணாரக் கண்டபிறகுதான், வார்ஸில் என்னும் நல்லவர் ஒருவரின் முயற்சியால் உடன்படிக்கை உண்டாயிற்று. 1980-ல் வெளியான நாவலொன்று இதைச் சொல்லுகிறது. ஆகவே அவர்களுடைய வாள் ஆதிமனிதனின் வாளன்று; அதைவிடப் பெரிய ஆயுதத்தை வைத்திருந்து, அதன் பலனை அனுபவித்து, பிறகு மனதாரக் கீழே வைத்தவனின் வாள்.

சாம்ராஜ்யம் அந்தச் சட்டத்துக்கு ஒருவாறு உட்படுகிறது. வர்த்தக நகருக்கு வெளியே அவர்கள் தங்கள் கருவிகளைக் கொண்டுபோகக்கூடாது. ஆனால் அந்த எல்லையும் மீறப்படுகிறது. 1975-ல் வெளியான நாவலில், பழைய சக்தி ஒன்றை மறுபடியும் எழுப்பி, அதனால் சாம்ராஜ்யத்துக்குச் சமமாகலாமென்று சிலர் நினைக்கிறார்கள். எழுப்பினவர்களால் அதை அடக்க முடியவில்லை. கேயர் டான் என்னும் நகரம் எரிந்துபோகிறது.

வாசகரே, கதை இவ்வளவு போதும். இனி நம்முடைய உலகத்துக்கு வருவோம். இப்படியொரு சட்டத்தை நம் பூமியில் எவரேனும் செய்ய முயன்றதுண்டா? உண்டு. 1139-ம் ஆண்டில் கூடிய இரண்டாம் லாத்தரன் பொதுச்சங்கம், விசைவில்லாலும் அம்பாலும் கிறிஸ்தவர்களைக் கொல்லும் தொழிலைச் சாபத்தின் கீழ் விலக்கிற்று. அந்த வில்லைக் கையாள நெடுநாள் பயிற்சி தேவையில்லை. மதிலுக்குப் பின்னே மறைந்திருந்து, கவசம் பூண்ட வீரனைத் தூரத்திலிருந்தே வீழ்த்திவிடலாம். ஆயினும் இந்தச் சட்டத்தில் குறையொன்று இருந்ததை மறைக்கவேண்டியதில்லை. கிறிஸ்தவர்மேல் எய்யக்கூடாதென்றது, மற்றவர்களைப்பற்றிப் பேசவில்லை. அது கைக்கொள்ளப்படவும் இல்லை. 1199-ல் இங்கிலாந்து அரசன் முதலாம் ரிச்சர்ட், பிரான்ஸ் தேசத்தில் ஒரு கோட்டையை முற்றுகையிட்டபோது அவ்விதமான வில்லின் அம்பு பட்டே இறந்தான்.

மறுபடியும் 1899-ம் ஆண்டில், ஹேக் நகரத்தில் கூடிய தேசங்கள், ஆகாயப் பலூன்களிலிருந்து குண்டுகளைப் போடுவதை ஐந்து வருஷத்துக்கு விலக்கி ஒரு பிரகடனம் செய்தன. ஐந்தே வருஷம்! அந்தத் தவணை தீர்ந்து சில ஆண்டுகளுக்குள், 1911-ல், இத்தாலிய விமானி ஜூலியோ கவோத்தி லிபியா நாட்டின்மேல் பறந்து, சிறு குண்டுகளைக் கையாலேயே எடுத்துக் கீழே எறிந்தார். அதற்குப்பின் முப்பத்து நான்கு ஆண்டுகள் சென்றன. 1945-ம் ஆண்டு ஆகஸ்டு 9-ம் தேதி, ஏறத்தாழ 30,000 அடி உயரத்திலிருந்து நாகசாகி நகரின்மேல் அணுகுண்டு விழுந்தது. உரக்காமி தேவாலயம் அன்று இடிந்தது. மோட்சாரோபணத் திருநாளுக்கு ஆயத்தமாய் அங்கே பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்த குருக்களும், காத்திருந்த விசுவாசிகளும் மாண்டனர். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக மறைவில் விசுவாசத்தைக் காப்பாற்றி வந்த குடும்பங்களின் சந்ததியார் அவர்கள். மேலே பறந்தவர்களுக்கு அந்த முகங்களில் ஒன்றுகூடத் தெரிந்திராது.

முழு நகரங்களையும் அவற்றின் ஜனங்களோடு வேறுபாடின்றி அழிக்கும் யுத்தச்செயல் சர்வேசுரனுக்கும் மனிதனுக்கும் விரோதமான குற்றமென்று, 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஐயந்திரிபறக் கூறிற்று. இங்கே சங்கம் அளந்தது ஆயுதத்தின் பலத்தை மாத்திரமல்ல. எவனைக் கொல்லுகிறோமென்று பார்க்காத குருட்டுத்தனத்தையும் சேர்த்தே அளந்தது என்று சொல்லலாம்.

இவ்விடத்தில் யோசனையுள்ள வாசகர் ஓர் ஆட்சேபம் சொல்லுவார். "சுவாமி, உடன்படிக்கை நன்றாய்த்தான் இருக்கிறது. ஆனால் அது பலசாலிக்கு அனுகூலமான சட்டமல்லவா? கைக்கெட்டும் தூரத்தில்தான் சண்டையென்றால் கோலியாத்துக்கே ஜெயம். தாவீதின் கையிலிருந்த கவண் தூரத்து ஆயுதந்தானே? அந்தச் சட்டப்படி கோலியாத் யோக்கியன், தாவீது குற்றவாளி என்றாகிவிடுமே?"

நல்ல ஆட்சேபம். தட்டிக்கழிக்கலாகாது. சட்டத்தின் எழுத்தைப் பார்த்தால் தாவீது குற்றவாளிதான். ஆனால் எழுத்தை விட்டு, அது எதற்காக உண்டானதென்று பாருங்கள். தாவீது புதருக்குப் பின்னே ஒளிந்திருந்து கல்லெறியவில்லை. இரு சேனைகளும் பார்த்திருக்க வெளியே வந்தான். யார் பேரால் வருகிறானென்று எதிராளிக்கு உரக்கச் சொன்னான். சவுல் கொடுத்த கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஐந்து கூழாங்கற்களோடு அந்த இராட்சதனை நோக்கி ஓடினான். குறி தப்பியிருந்தால் அவன் உயிர் அங்கேயே போயிருக்கும். கையின் நீளம் ஒரு அடையாளமே. தன் செயலின் விளைவுக்குத் தன்னையும் உட்படுத்திக்கொள்வதே உடன்படிக்கையின் உயிர்.

அப்படியில்லையென்று யாராவது சந்தேகித்தால், அதே தாவீதை அரசனான பிறகு பாருங்கள். உரியாஸ் என்னும் போர்வீரனுடைய மனைவியை அவன் அபகரித்தான். பிறகு உரியாஸை ஒழிக்கவேண்டியிருந்தது. கவணை எடுத்தானா? இல்லை, எழுதுகோலை எடுத்தான். சண்டை கடுமையாயுள்ள இடத்தில் இவனை முன்னே நிறுத்தி, மற்றவர்கள் பின்வாங்கிவிட வேண்டுமென்று சேனாதிபதி யோவாபுக்குக் கடிதமெழுதினான். அந்தக் கடிதத்தை உரியாஸின் கையிலேயே கொடுத்தனுப்பினான். அம்மோனியர் கையால் உரியாஸ் செத்தான். தாவீதோ எருசலேமில் அரண்மனையில் இருந்தான். கைகளில் இரத்தமில்லை. யுத்தத்தில் இப்படி நடப்பதுண்டு என்று ஆறுதல் செய்தியும் அனுப்பினான்!

கவணெறிந்த நாளில் தாவீது தான் செய்ததை அறிந்திருந்தான். கடிதமெழுதிய நாளில் அறியவில்லை. அதனாலன்றோ நாத்தான் தீர்க்கதரிசி வந்து, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப்பற்றி ஒரு கதையைச் சொல்லி, அந்த மரணத்தை அரசனுடைய கண்ணுக்கு முன்பாகக் கொண்டுவரவேண்டியிருந்தது? டார்க்கோவர் கதைகளிலும் இதற்கொப்பான ஓரிடமுண்டு. பார்ட் என்னும் கொடிய வீரனொருவன், தான் பிறருக்குச் செய்த தீங்கை, அதைப் பட்டவர்கள் உணர்ந்தபடியே தன் உள்ளத்தில் உணர நேரிடுகிறது. அன்றைக்குத்தான் அவன் மனந்திரும்பத் தொடங்குகிறான்.

ஆகையால் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இதுவே என் உத்தரம்: தூரம் பாவத்தைக் குறைப்பதில்லை, பாவத்தைப்பற்றிய அறிவையே குறைக்கிறது. அறிவு குறைந்த இடத்தில் மனஸ்தாபம் பிறப்பதரிது. மனஸ்தாபமில்லாத இடத்தில் மன்னிப்பை யார் கேட்பார்? இதுவே அந்தக் குளிர்ந்த அறையில் உட்கார்ந்திருப்பவனின் ஆத்துமத்துக்கு வரும் ஆபத்து.

இன்னொரு ஆட்சேபமும் உண்டு. கிட்ட நின்றால் மனிதன் நல்லவனாகி விடுவானா? ஆகமாட்டான். காயின் தன் தம்பியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தே கொன்றான். டார்க்கோவரும் மோட்சமன்று, வம்சப்பகையும் துவந்த யுத்தமும் அங்கே நிறைந்திருக்கின்றன, அதன் வறண்ட நாடுகளில் பெண்களின் கைகளுக்குச் சங்கிலி பூட்டுகிறார்கள். கதையை எழுதிய மாதைப்பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர் 1999-ல் இறந்தார். தாம் சிறுமியாயிருந்தபோது தாயாலேயே கொடுமைக்குள்ளானதாக அவருடைய சொந்த மகள் 2014-ல் பகிரங்கமாய்ச் சொன்னார். படித்தவர்கள் அநேகர் இதைக் கேட்டு மனமுடைந்தார்கள். கதையில் ஒரு நல்ல கேள்வி இருப்பதால், எழுதினவரை முன்மாதிரியாய் வைக்க நான் துணியவில்லை. நம் கைக்கு எட்டுகிறவர்களே நம்மால் அதிகமாய்க் காயப்படக்கூடியவர்கள் என்பதை ஒவ்வொரு குடும்பமும் நினைக்கவேண்டும். கிட்ட இருப்பது புண்ணியமல்ல. ஆனால் கிட்ட நின்று பாவம் செய்கிறவனுக்குத் தான் செய்ததைத் தெரியாதென்று சொல்ல இடமில்லை; அவ்வளவே.

அப்படியானால் போர்வீரரும் காவலரும் துப்பாக்கியைப் போட்டுவிட வேண்டுமா? அப்படித் திருச்சபை போதிக்கவில்லை. அக்கிரமத்தைத் தடுக்க, வேறு வழியில்லாதபோது, அளவோடு பலத்தைப் பிரயோகிப்பது நியாயமே. டார்க்கோவரின் உடன்படிக்கை நமக்கு வேதசத்தியமுமல்ல. ஆயினும் அது நம்மிடம் கேட்கும் ஒரு கேள்வி தள்ளத்தக்கதல்ல: இக்கருவி என்னை என் செயலிலிருந்து எவ்வளவு தூரம் பிரிக்கிறது?

நம் காலத்தில் அந்தக் கேள்வி முன்னிலும் அவசரமாகிவிட்டது. அமெரிக்காவில் நெவாடா பாலைவனத்திலுள்ள தளத்தில் உட்கார்ந்து, ஆப்கானிஸ்தானத்தின்மேல் பறந்த ஆளில்லா விமானத்தைச் செலுத்தி ஏவுகணை விட்டவர்கள் உண்டு. வேலைநேரம் முடிந்ததும் அவர்கள் காரேறி வீட்டுக்குப் போனார்கள். அவர்களில் சிலர், திரையில் கண்டதை மறக்கமாட்டாமல் மனம் நைந்துபோனதாகப் பிற்பாடு சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்காக இரங்குங்கள். அவர்களுடைய மனச்சாட்சி இன்னும் உயிரோடிருக்கிறது. இதற்கு அடுத்த படியில், யாரைக் கொல்வதென்று இயந்திரமே தெரிந்துகொள்ளும். இயந்திரத்துக்கு மனம் நைவதில்லை. மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2024-ம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஏழு தேசத் தலைவர்கள் இத்தாலியில் கூடியிருந்த சபைக்கு நேரில் போய், மனித உயிரை எடுப்பதா வேண்டாமா என்ற முடிவை எந்த இயந்திரத்திடமும் விடலாகாதென்று எச்சரித்தார்.

வாசகரே, நம்மில் ஒருவரிடமும் ஏவுகணையில்லை. ஆகையால் இது வல்லரசுகளின் காரியமென்று தாளை மடித்து வைத்துவிடாதீர்கள். மொட்டைக் கடிதம் எழுதுகிறவன் கையில் இருப்பது எவ்வகை ஆயுதம்? பெயரில்லை, முகமில்லை, பதிலடி வருமென்ற பயமில்லை. இக்காலத்தில் அதற்குத் தாளும் தபால்தலையுங்கூடத் தேவையில்லை. ஒரு பெண்பிள்ளையின் நற்பெயரைக் கெடுக்கும் செய்தியைக் கைப்பேசியில் பெற்று, விசாரியாமல் ஐம்பது பேருக்கு அனுப்புகிறவன், ஐம்பது அம்புகளை எய்கிறான். எய்த பிறகு நிம்மதியாய்ச் சாப்பிடுகிறான். அந்தப் பெண்ணின் தாயை எதிரே நிறுத்தி அதையே சொல்லச் சொன்னால் அவன் நாக்கு எழும்புமா? அதிகாரத்திலிருக்கிறவர்களும் இதைச் சிந்திக்கட்டும். தான் ஒருநாளும் மிதிக்காத கிராமத்தின் தலைவிதியை ஒரு கையெழுத்தால் மாற்றுகிறவன், அந்தச் சாம்ராஜ்யத்தின் அதிகாரியைப்போலவே தூரத்திலிருந்து ஆளுகிறான். கண்டுபிடிக்கப்பட்ட கிரகத்து மக்களை அவர்கள் கணக்கேட்டில் ஒரு வரியாய் எழுதினார்கள். நாம் அயலானை என்னவாக எழுதுகிறோம்?

அக்கதைகளில் பனிமலையின் நடுவே ஒரு துறவற மடம் வருகிறது. அதிலுள்ள துறவிகள் பாரம் சுமப்பவர் ஒருவரை வணங்குகிறவர்கள், நம்முடைய அர்ச். கிறிஸ்தோபரின் நினைவு தேய்ந்து அவ்வுருவில் அங்கே மிஞ்சியிருக்கிறது. அவர்கள் கொள்கைகளெல்லாம் நம் வேதமல்ல. ஆனாலும் அந்தப் பெயர் என்னை யோசிக்கச் செய்தது. பாரத்தைத் தூரத்திலிருந்து சுமக்க எவராலும் ஆகாது. தோள் கொடுக்கிறவன் கிட்ட வந்துதான் ஆகவேண்டும். சர்வேசுரனே நம்மை மீட்கச் சித்தமானபோது பரலோகத்திலிருந்து ஒரு கட்டளையை அனுப்பி முடித்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், நம் கையின் எட்டுக்குள் மனிதனாய் வந்தார். வந்தபடியால் அவரை அடிக்கவும் நம்மால் முடிந்தது.

யாரைப்பற்றியாவது எழுதவோ, பேசவோ, புகார் செய்யவோ இந்த வாரம் உங்களுக்கு நேரிடுமானால், முதலில் அவர் வீட்டு வாசலுக்கு நடந்துபோங்கள். திண்ணையில் உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்து, சொல்லவேண்டியதைச் சொல்லுங்கள். அவர் சொல்லும் பதிலையும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படிச் சொல்ல முடியாத சொல்லாயிருந்தால், அதைச் சொல்லாமலே விட்டுவிடுங்கள்.